கீழ்வீட்டு அண்ணன் நடித்த படம்

கரண்ட் போனால் இப்போதும் எனக்கு ஒரு கணம் நெஞ்சு நின்று பிறகு அடிக்கிறது. இரண்டு வருஷமாகிறது. அன்றைக்குக் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நெஞ்சுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

திருநகரில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுச் சொந்தக்காரர். எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஊரில் கிணறும் தோட்டமும் இருக்க, பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு கட்டி வந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் அவருக்கு நான் டீச்சர். தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "டீச்சர், தண்ணி ஏறுதா?" என்பார். நான் மாடித் தொட்டியை எட்டிப் பார்த்து, "ஏறுதுண்ணே" என்பேன். நிறைந்ததும், "போதும்ணே." அதோடு மோட்டார் நிற்கும். எங்கள் வீட்டில் கடிகாரம் ஓடாத நாள் உண்டு, இந்தப் பேச்சு இல்லாத நாள் கிடையாது.

நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவோம், வாசலைத் தாண்டினால் தமிழ். எத்தனையோ தலைமுறையாக மதுரையில்தான் இருக்கிறோம். இருந்தாலும், வீடு கேட்டு முதல் முறை இங்கே வந்தபோது கீழ்வீட்டு அண்ணன் நடையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, "எந்தப் பக்கம்மா நீங்க?" என்று கேட்டார்.

"மதுரைதாண்ணே."

"அது சரி. சொந்த ஊரு?"

"அதுவும் மதுரைதான்."

அவர் விடவில்லை. குலதெய்வம் எங்கே இருக்கிறது என்றார். வருஷா வருஷம் போவீர்களா என்றார். அப்பாவைப் பெற்றவளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நேராகச் சாதி கேட்பதில்லை. அப்பத்தா என்றால் ஒரு கணக்கு, அப்பாயி என்றால் ஒரு கணக்கு, பாட்டி என்றால் இன்னொரு கணக்கு. சாமியின் ஊரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள். நான் நேரடியாகவே சொல்லிவிட்டேன், நாங்கள் சௌராஷ்டிரர்கள் என்று. அவர் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க. ஒங்காளுக சத்தம் போட மாட்டாக. சாவிய வாங்கிக்கங்க."

அவரைப்போல ஒரு வீட்டுக்காரர் அதற்குமுன் எங்களுக்கு வாய்த்ததில்லை. என் கணவருக்கு நெஞ்சு வலி வந்த மத்தியானம், வாடகைக் கார் பேசி, மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவரைப் பற்றித் தப்பாக நினைக்க நேரும்.

எனக்கு ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்தாள். அவளுடைய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை வெளிநாட்டுப் படங்களைத் தருவித்துப் போடுவார்கள். வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலில், சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, நடுவில் புரொஜக்டர் தடதடக்கும். பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போவேன். பாதிப் படங்கள் எனக்குப் பிடிபடாது. யாரோ நடந்துகொண்டே இருப்பார்கள், மழை பெய்யும், முடிந்துவிடும்.

ஒரு படம் மட்டும் புரிந்தது. எந்த நாட்டுப் படம் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பெரிய நகரம். ஒரு கறுப்பு மனிதர் கையில் பெட்டியோடு வீடு வீடாக அறை கேட்டுப் போகிறார். கதவு திறக்கும். திறந்தவர்கள் சிரிப்பார்கள், மரியாதையாகத்தான் பேசுவார்கள். பிறகு கதவு மூடும். அவர்கள் பேசிய பாஷை எனக்குத் தெரியாது, கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தையும் வேகமாகப் படிக்க முடியவில்லை. தேவையும் படவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, அந்த மூணாவது வீட்டுக்காரம்மா நம்ம அத்தை மாதிரியே இல்ல?"

அத்தை என்றது என் கணவரின் அக்காவை. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் சொந்த வீடு, அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவார். யார் வந்து வீடு கேட்டாலும் என் நாத்தனார் முதல் கேள்வியை எங்கள் பாஷையில்தான் கேட்பார். எங்கள் பாஷையிலேயே பதில் வந்தால் வீடு காலியாக இருக்கும். தமிழில் வந்தால், "நேத்துதான் ஒருத்தருக்கு விட்டோம்" என்பார். அதில் கோபமோ வெறுப்போ இருக்காது. வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்து அனுப்புவார்.

நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பாவுக்கு அந்த வருஷம் மதுரைக்கு மாற்றலாகி, குடும்பமே ஒற்றை அறையில் இருந்துகொண்டு வீடு தேடியது. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவாள். அமைதியான பெண், என் கையால் எது கொடுத்தாலும் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிடுவாள். கேட்கும் எல்லா வீடும் முந்தின நாள்தான் யாருக்கோ விடப்பட்டிருந்தது.

அந்தத் தோழியை வைத்து ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்றாள் மகள். ஓர் ஆசிரியரின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கேமரா, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ரீலைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். அந்தக் கேமராவுக்குப் படம்தான் வரும், சத்தம் வராது. சத்தத்தைத் தனியாக டேப் ரெக்கார்டரில் பிடித்து, படம் ஓடும்போது கூடவே ஓட்ட வேண்டும். திரையில் முதலில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும், அது தெரிந்த நொடியில் டேப்பை அமுக்க வேண்டும். இதை அவள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பழகிக்கொண்டே இருந்தாள்.

படத்துக்குப் பெயர் 'எந்தப் பக்கம்?'. ஒரு பெண் மூன்று வீடு ஏறி இறங்குகிறாள், அவ்வளவுதான் கதை. அவள் எந்தச் சாதி என்பது படத்தில் எங்கும் வராது. எனக்குத் தெரியும். இங்கேயும் எழுதப் போவதில்லை.

முதல் வீட்டுக்காரராக ஓர் ஆசிரியரே நடித்தார். மூன்றாவது வீட்டுக்கு என் நாத்தனாரைக் கேட்டாள். மருமகள் கேட்கிறாளே என்று அவரும் சரி என்றார். இரண்டாவது வீட்டுக்கு அவள் யாரைக் கேட்டாள் என்பது, எடுத்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கீழ்வீட்டு அண்ணன் பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு முற்றத்தில் நின்றார்.

"எங்கண்ணே, கல்யாணமா?"

"கல்யாணம் என்ன டீச்சர், ஷூட்டிங் முடிஞ்சுபோச்சு. ஒரே டேக்குதேன். ஒங்க மக என்னைய நடிக்கவே விடல. எப்பயும் வீடு கேட்டு வர்றவகள்ட்ட எப்படிப் பேசுவீகளோ அப்படியே பேசுங்க மாமான்னுச்சு. பேசிட்டேன்."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து சொன்னார், "மீசைக்கு மை தடவுனத விட்டுட்டீகளே."

உடனே மாடிக்குப் போய் மகளைக் கேட்டேன். அவள் டேப்பைப் போட்டுக் காட்டினாள். எந்தப் பக்கம், சொந்த ஊர், குலதெய்வம், அப்பத்தாவா பாட்டியா, எல்லாம் அதே குரலில், அதே அன்போடு. தோழியின் பதில்களை அவள் வைக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் டேப் சும்மா ஓடியது. அந்த நேரத்தில் திரையில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும் இருக்குமாம். கடைசியில், "வீடு நேத்துதேன் ஒருத்தருக்கு விட்டாச்சும்மா." பிறகு செருப்புச் சத்தம், படி இறங்கும் சத்தம்.

"இத எடுத்துடு" என்றேன்.

"எதுக்கும்மா? ஒரு வார்த்தை நான் சேர்க்கல. அவர் பேசினதுதான்."

"அதனாலதான் சொல்றேன்."

"அத்தையும்தான் இருக்காங்க. முதல் வீட்டுல எங்க சாரும் இருக்கார். அவங்க ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க வீட்டு மாடில நாம இல்லடி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அது இன்னும் என்னைக் கோபப்படுத்தியது.

நானே அவரிடம் சொல்லிவிடலாம் என்று கீழே போனேன். அவர் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் படம் நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது. வேற மாதிரி."

"தெரியும் டீச்சர். சண்டை கெடையாது, பாட்டு கெடையாதுன்னு புள்ள சொல்லிருச்சு. எனக்குப் பாட்டு வேணாம்னு நாந்தேன் சொன்னேன். இந்த வயசுல என்ன பாட்டு."

"அது இல்லண்ணே..."

"ஒங்களுக்கு ஒரு சேதி. கல்யாண மண்டபம் நம்ம தெரிஞ்சவர்து, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மாதேன் கெடக்கு. அங்கேயே போட்டுருவோம்னு அந்த சார்கள்ட்ட சொல்லிட்டேன். ஊருக்கும் ஆள் விட்டாச்சு. ஒரு வேன் நெறைய வாராக."

நான் ஒரு முறுக்கை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். சொல்ல வந்ததை என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவரிடம் போய், நீங்கள் பேசியதை நீங்களே பார்க்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். தன் ஊர்க்காரர்கள், பங்காளிகள், சம்பந்திகள் எல்லாரும் சூழ்ந்திருக்க, தானே பிடித்துக்கொடுத்த மண்டபத்தில், அந்த மனிதர் தலைகுனிவார். விளக்குப் போட்டதும் அவர் என் மகளைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு அந்த மாடியில் நாங்கள் எப்படி இருப்பது? அவர் காலி செய்யச் சொல்ல மாட்டார். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே பார்க்காமல் உள்ளே போய்விடுவார். எனக்கு அது போதும், நானே பெட்டியைக் கட்டிவிடுவேன். பிறகு நாங்களும் தெருத் தெருவாகப் போய், எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் மதுரைதான் என்று சொல்ல வேண்டும்.

என் கணவர் எதிலும் பேசாதவர். "நான் போய் அக்காவைக் கூட்டிட்டு வர்றேன்" என்று மத்தியானமே தெப்பக்குளத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். படம் முடிந்த பிறகு வந்து சேரும்படிதான் அவர் கிளம்பியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நாத்தனாரின் அவசரத்தால் முதல் ஆளாக வந்து நின்றார்கள்.

மண்டபத்தில் மணமேடை மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். வேன் வந்து இறங்கியதும் எழுமலைக்காரர்கள் பாயை நிறைத்து உட்கார்ந்தார்கள், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கீழ்வீட்டு அண்ணனுக்கு முன்வரிசையில் நாற்காலி. படத்தில் உடுத்தியிருந்த அதே பட்டு வேட்டி. ஆசிரியர் ஒருவர் எழுந்து, அடையாளம், நகரம், அந்நியமாதல் என்று கொஞ்சம் பேசினார். பாயிலிருந்து ஒருவர், "சார், படத்துல எங்க அண்ணன் எத்தனை சீனு?" என்று கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் நாத்தனாரின் பக்கத்தில் இருந்தேன். மகள் புரொஜக்டருக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். புரொஜக்டருக்குக் கரண்ட். டேப்புக்கு டார்ச் லைட் பேட்டரி. அன்று எல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது, ஆனால் அதை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளை வட்டம் தெரிந்தது. டேப் 'டக்' என்றது. முதல் வீடு சரியாக ஓடியது. ஆசிரியரின் உதடும் குரலும் சேர்ந்தே போயின. அந்தப் பெண் படியிறங்கும்போது கேமரா அவளுடைய செருப்பை மட்டும் பார்த்தது. பாயில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அடுத்து எங்கள் வீட்டு வாசல். கேட் திறந்தது. பட்டு வேட்டியும் திருநீறுமாகக் கீழ்வீட்டு அண்ணன் திரையில் வந்து நின்றார். பாயில் கைதட்டல், விசில். ஒரு கிழவர் எழுந்து நின்று துண்டைச் சுற்றினார். நாற்காலியில் இருந்தவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், பெரிய ஆட்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்பதுபோல.

அவர் வாயைத் திறக்கப் போனபோது கரண்ட் போனது.

திரையும் மின்விசிறியும் நின்றுபோயின. இருட்டு. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்மா நீங்க?" என்றது கீழ்வீட்டு அண்ணனின் குரல்.

பிறகு டேப்பில் அந்தச் சும்மா ஓடும் இடம். அங்கே தோழியின் முகம் இருந்திருக்க வேண்டும். முகமும் இல்லை, ஒன்றுமில்லை. யாராவது ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"எழுமலைப் பக்கம்ணே" என்றார் பாயிலிருந்து ஒருவர்.

சிரிப்பு கிளம்பியது.

"அது சரி. சொந்த ஊரு?"

"அதேன் சொல்லியாச்சுல்ல."

"குலதெய்வம் எங்க இருக்கு?"

"ஒங்க சாமிதேன் எங்களுக்கும். போன மாசிக்கு ஒரே வண்டியிலதான போனோம்."

மண்டபம் ஆடியது. நான் மட்டும் மகள் இருந்த பக்கம் பார்த்து, அணைத்துவிடு, அணைத்துவிடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். டேப் நிற்கவில்லை.

"அப்பாவப் பெத்தவகள எப்படிக் கூப்பிடுவீக? அப்பத்தாளா, பாட்டியா?"

பெண்கள் பக்கத்திலிருந்து கனத்த குரல் ஒன்று வந்தது, "அப்பத்தாதேன். மறந்துட்டியாக்கும், ரெண்டு பேரையும் ஒரே அப்பத்தாதேன வளத்துச்சு." அது அவருடைய கூடப்பிறந்த தங்கை என்று பிறகு தெரிந்தது.

சிரித்துச் சிரித்துச் சிலருக்கு இருமல் வந்தது. அந்த இருமலுக்கு நடுவே அவருடைய குரல், அதே கனிவோடு, "வீடு நேத்துதேன் ஒருத்தருக்கு விட்டாச்சும்மா. கோவிச்சுக்காதீக" என்றது.

சிரிப்பு நின்றது.

செருப்புச் சத்தம் கேட்டது. படி இறங்கும் சத்தம். இருட்டில் அது அவர்களுக்கு நடுவே நடந்து வெளியே போவது போல இருந்தது.

"அட" என்றார் முதலில் பதில் சொன்னவர், மெதுவாக. "எல்லாஞ் சரியாத்தான சொன்னோம். நமக்குமா இல்ல?"

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். ஆனால் இந்தச் சிரிப்பு முந்தினதுபோல் இல்லை. கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் சிரிப்பு.

அப்போது கரண்ட் வந்தது. மின்விசிறி கிளம்பியது, புரொஜக்டர் விட்ட இடத்திலிருந்து தடதடத்தது. திரையில் கீழ்வீட்டு அண்ணன் மீசையை ஒதுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். ஆனால் டேப் அதற்குள் ஒரு வீடு தாண்டிப் போய்விட்டது. அவர் வாயிலிருந்து என் நாத்தனாரின் குரல் வந்தது, சுத்தமான எங்கள் பாஷையில்.

மண்டபம் ஒரு நொடி திகைத்தது. பிறகு, "அண்ணே, இந்தப் பாஷைய எப்பப் படிச்சீக?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். அதற்கப்புறம் யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. திரையில் அவர் தலையை ஆட்டி ஆட்டி, கையை விரித்து, பெரிய மனிதருக்கான எல்லா அசைவுகளோடும், தெப்பக்குளத்துப் பெண்மணி ஒருவரின் குரலில் வீடு இல்லை என்றார்.

நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அது என் குரல்" என்றார் எங்கள் பாஷையில்.

"ஆமாக்கா."

"நான் பேசினதை அந்த ஆளு பேசுறாரு."

"ஆமாக்கா."

"அவர் சொன்னா என்னமோ மாதிரி இருக்கே" என்றார் நாத்தனார்.

அடுத்துத் திரையில் நாத்தனாரின் வீடு வந்தது. அவருக்குக் குரலே மிச்சம் இல்லை. அவர் வாயைத் திறக்கத் திறக்கச் செருப்புச் சத்தமும், தெருவில் போகும் சைக்கிள் மணியும்தான் கேட்டன. டேப் முடிந்து நின்ற பிறகும் படம் கொஞ்சம் ஓடியது. அந்தப் பெண் தெப்பக்குளக் கரையில் சத்தமில்லாமல் நடந்து போனாள்.

விளக்குப் போட்டார்கள்.

நான் கீழ்வீட்டு அண்ணனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் அத்தனை பேர் சிரித்தபோதும் அவருடைய சிரிப்பு மட்டும் எனக்குக் கேட்கவில்லை. இப்போதும் அவர் திரும்பவில்லை. இருட்டில் முதலில் பதில் சொன்ன ஆள் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார். பங்காளி முறை.

"என்னண்ணே, எங்களுக்கே வீடு இல்லைன்னுட்டீக."

கீழ்வீட்டு அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு எவன்டா வீடு குடுப்பான்? விடிய விடியச் சீட்டாடுவ."

பாயில் மறுபடி சிரிப்பு. பிறகு அவர் திரும்பினார். "ஏத்தா, இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் டேப் ரெக்கார்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். நானும் எழுந்துவிட்டேன்.

"நான் கதாநாயகன்னு நெனச்சுப் பட்டு வேட்டி கட்டிட்டு வந்தேன். வில்லன்னு நீ சொல்லவே இல்லையே."

"வில்லன் இல்ல மாமா. வீட்டுக்காரர்."

அவர் அவளையே பார்த்தார். நான் பயந்துகொண்டிருந்த பார்வை அதுதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதேன்னு சொல்ற" என்றார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டு, "எல்லாரும் போண்டா சாப்பிட்டுப் போங்கப்பா, ஆறிரும்" என்று சொல்லிவிட்டு வேன் பக்கம் நடந்தார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன், "கரண்ட் போனதும் ஏன் நிறுத்தல?"

"நிறுத்தத்தான் கைய வச்சேன். அதுக்குள்ள அவங்க பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்கம்மா." டேப்பை எடுத்து உறையில் போட்டபடி சொன்னாள், "அவ ஒருநாள்கூட அப்படிப் பதில் சொன்னதில்லை." தோழியைச் சொன்னாள். அந்தப் பெண் அன்று மண்டபத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு அதற்குள் ஊருக்கு வெளியே ஒரு வீடு கிடைத்திருந்தது.

மறுநாள் காலையில் மோட்டார் சத்தம் கேட்டு எழுந்தேன். வழக்கம்போல மாடிக் கைப்பிடிச் சுவரருகே போய் நின்றேன். அவர் கூப்பிடவில்லை. முற்றத்தில் ஆளும் இல்லை. நானாகத் தொட்டியைப் பார்க்கவில்லை. கேட்காமல் பதில் சொல்லிப் பழக்கமில்லை. காதை மட்டும் கீழே வைத்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் எந்தப் பெட்டியில் எதை வைப்பது என்று ஓடியது. தையல் மிஷினைக் கழற்ற வேண்டும். அரிசி டிரம்மைக் காலி செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கீழே கொடுத்த போர்வை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அதைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும்.

தண்ணீர் நிறைந்து வழிய ஆரம்பித்தது. என் காலை நனைத்து, ஓரமாக ஓடி, முற்றத்தில் கொட்டியது.

"டீச்சர்."

எட்டிப் பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே நின்றார். தோளெல்லாம் நனைந்திருந்தது.

"தண்ணி வழியுது, பாக்க மாட்டீகளா? மேல என்ன, படம் ஓடுதா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கூடவே கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே இருந்தவருக்கு அது தெரிந்திருக்காது.

படியிறங்கிப் போனேன். அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்தப் புள்ள நெசமாவே வீடு தேடுச்சாமே."

"ஆமாண்ணே."

"இங்க வந்துச்சா? பின்னாடி போர்ஷனு அப்ப காலியாத்தான இருந்துச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுவரை பொய் சொல்லியிருப்பேன். "வந்தாங்கண்ணே. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. அண்ணிதான் பேசினாங்க."

"என்ன சொன்னாளாம்?"

"நேத்துதான் ஒருத்தருக்கு விட்டோம்னு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மேலே தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது, எங்கள் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு. அவர் குனிந்து மோட்டாரை நிறுத்தினார்.

"நீங்க வந்தப்பவும் இதெல்லாம் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"ம்." துண்டை அவிழ்த்துத் தலையைத் துடைத்தார். "நாளைக்கு நான் கூப்பிடட்டும்னு நிக்காதீக டீச்சர். நீங்களே எட்டிப் பாத்துச் சொல்லிருங்க. எம்புட்டுத் தண்ணி வீணாப்போச்சு."

"சரிண்ணே" என்றேன். மேலே போய் அரிசி டிரம்மைத் திறந்து, அன்றைக்குச் சமைக்க அரிசி அளந்தேன்.